மூன்றாவது அட்டை

கண்ணு,

போனில் சொல்லத்தான் நினைத்தேன். இந்த வாரத்தில் மூன்று தடவை உன்னைக் கூப்பிட்டு, மூன்று தடவையும் "சாப்புட்டியா சாமி?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நீயும் "ஏம்மா, தெனம் இதேதான் கேப்பியா?" என்று சிரித்தாய். வாயில் வராததைக் கையால் எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அங்கன்வாடியில் பிள்ளைகள் மதியச் சாப்பாடு முடிந்து பாயில் வரிசையாகத் தூங்குகிறார்கள். ஒருத்தி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல நடிக்கிறாள், நீயும் இந்த வயதில் அப்படித்தான். இவர்கள் எழுவதற்குள் பாதியாவது எழுதிவிட வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "கல்யாணம் முடியட்டும்மா. தேன்மொழிகிட்ட அப்புறமா மெதுவாச் சொல்லிக்கறேன். இப்பச் சொன்னா அவங்க ஊட்டுல பயந்துக்குவாங்க." நான் "சரி சாமி" என்றேன். தை மாதம் கல்யாணம். பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று, மண்டபம் பேசியாயிற்று. இந்த நேரத்தில் உன் வீக்க நோயைப் பற்றி அந்தப் பெண்ணிடம் சொல்லி ஏன் குழப்ப வேண்டும் என்பது உன் கணக்கு. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்து என்று ஊரே சொல்லிக் கொடுத்திருக்கிறது, நீ ஒரே ஒரு பேச்சைத்தான் தள்ளிப்போடுகிறாய். ஆனால் நான் சொன்ன அந்த "சரி"யைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் கதையைச் சொல்லியாக வேண்டும். அதைக் கேட்ட பிறகு நீ என்னைத் திட்டலாம்.

உன் நோய் உனக்குப் புதிதாக வந்தது என்று நீயும் உன் அப்பாவும் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அது என்னிடமிருந்து வந்தது.

எனக்கு அது என் அப்பாவிடமிருந்து, உன் அப்புச்சியிடமிருந்து வந்தது. என் அக்காவுக்கும் இருந்தது. பெரியம்மாவை நீ பார்த்ததில்லை. கதண்டுக் குளவி கொட்டிச் செத்துப்போனாள் என்றுதான் உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அவளைக் கதண்டு கொட்டவில்லை. அவளுக்குப் பத்தொன்பது வயது. காலையில் உதடு வீங்கியது, மத்தியானம் குரல் மாறியது, மலையடிவாரத்துக் காரவள்ளிக்குப் போகிற பஸ்ஸில் ஏற்றினோம். எழுபது வளைவில் பாதிகூட இறங்கவில்லை, என் மடியிலேயே மூச்சு நின்றுவிட்டது. எனக்கு அப்போது பதினேழு. திரும்பி வரும் வழியிலேயே உன் அப்புச்சி என் காதோரமாகச் சொன்னார்: "கதண்டு கொட்டிருச்சுன்னு சொல்லு கண்ணு. வீங்கற குடும்பம்னு பேரு வந்துட்டா உன்னை ஆரு கட்டுவாங்க?" பிள்ளையைப் பறிகொடுத்த அன்றைக்கே இன்னொரு பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட்ட மனிதர் அவர். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேதான் நம் மலையிலேயே குண்டனி நாட்டிலிருந்து இந்த வளப்பூர் நாட்டுக்கு வாழ வந்தேன்.

வந்த ஆறாம் மாதம் என் வலது கை புடலங்காய்போல வீங்கியது. அரிப்பு இல்லை, சிவப்பு இல்லை, சும்மா வீங்கி நின்றது. உன் அப்பா பதறிப்போனார். "சேரான் மரத்துக்கிட்ட வெறகு பொறுக்கினேனுங்க" என்று சொல்லிவிட்டேன். நம் காட்டு ஓரத்தில் நின்ற சேரான் மரம் உனக்குத் தெரியாது, நீ பிறப்பதற்கு முன்பே போய்விட்டது. அதன் பால் பட்டால் தோல் வெந்துபோகும், நிழலில் படுத்தாலே உடம்பு வீங்கும் என்பார்கள். தான்றி மரத்தை மூன்று சுற்றுச் சுற்றி வந்தால் சேரானின் கோபம் தணியும் என்பதும் நம் பக்கத்து வழக்கம். உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே மூன்று சுற்றும் வந்தார். மூன்றாம் நாள் வீக்கம் வடிந்துவிட்டது. இந்த நோயில் வீக்கம் தானாகவே மூன்று நாளில் வடியும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். எனக்கு வீங்கும்போதெல்லாம் சேரான்மீது பழி, தான்றிக்குப் பெருமை. கடைசியில் ஒரு நாள் அவர் கோடாலியை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சேரான் மரத்தையே வெட்டிப் போட்டுவிட்டார். பால் தெறித்து இரண்டு கையும் கொப்புளமாகி ஒரு மாதம் சோறு பிசைய முடியாமல் கிடந்தார். நான்தான் ஊட்டிவிட்டேன். ஊட்டும்போது ஒவ்வொரு வாய்க்கும் சொல்லிவிடலாம் என்று தோன்றும், சொல்லவில்லை.

இதற்கு மேல்தான் நான் எழுதப் பயந்த பகுதி. உன் வயிற்றில் ஒரு தழும்பு இருக்கிறதே, ஏழு வயதில் குடல்வால் எடுத்தது என்று நீ எல்லாரிடமும் சொல்வாயே, அது. அன்றைக்கு நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாய், நிற்காமல் வாந்தி. எனக்கும் அந்த வலி வரும். குடலுக்குள் வீங்கினால் அப்படித்தான் வலிக்கும், இரண்டு நாளில் அடங்கிவிடும் என்று என் உடம்புக்குத் தெரியும். கீழே டவுன் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் என்னிடம் நேராகவே கேட்டார்: "ஏம்மா, வீட்டுல வேற யாருக்காவது இந்த மாதிரி வயித்து வலி வந்து தானாச் சரியாயிருக்கா?" உன் அப்பா பக்கத்தில் நின்றார். நான் "இல்லீங்க" என்றேன். ஒரு சொல், அவ்வளவுதான். உன்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நீ என் முந்தானையை விடாமல் பிடித்திருந்தாய், நர்ஸ் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தார். பிறகு டாக்டர் வெளியே வந்து, "குடல்வால் நல்லாத்தான் இருந்துச்சு, குடல்தான் நீர் கோத்து வீங்கிக் கெடந்துச்சு, ஏன்னு தெரியல" என்றார். எனக்குத் தெரியும். அந்தத் தழும்பு என் பொய் கண்ணு. நீ குளித்துவிட்டுத் துண்டோடு வரும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பில் ஏதோ வேலையிருப்பதுபோல நடித்தேன். உனக்கு ஒரு தம்பியோ தங்கையோ வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றதும் இதனால்தான். உன் அப்பாவிடம் வேலையைக் காரணம் சொன்னேன்.

இரண்டு வருடத்துக்கு முன் சேலத்தில் நீ கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டாயே, மறுநாள் நாக்கு வீங்கி உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்று போன் வந்தபோது, பஸ்ஸில் வளைவுக்கு வளைவு நான் அக்காவை மடியில் வைத்துக்கொண்டேதான் இறங்கினேன். அலர்ஜி ஊசி இரண்டு தடவை போட்டும் கேட்கவில்லை என்றார்கள். அங்கே உன்னைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு உன் வயதைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். உன் அப்பா மருந்து வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து என்னை ஓரமாக உட்கார வைத்து, "குடும்பத்துல யாராவது இப்படி வீங்கி இறந்திருக்காங்களாம்மா?" என்றார். நீ மூச்சுக்குத் திணறுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அப்போதுதான் என் வாய் திறந்தது. நான் சொன்ன பிறகுதான் உனக்குச் சரியான வைத்தியம் தொடங்கியது. பிளாஸ்மா ஏற்றினார்கள், சாயங்காலத்துக்குள் உன் குரல் வந்தது. என் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். அந்த ரிப்போர்ட் அங்கன்வாடி அலமாரியில், எடை பார்க்கும் பதிவேடுகளுக்கு அடியில் இத்தனை நாள் கிடந்தது. "சிலருக்குக் குடும்பத்துல இல்லாமப் புதுசாவும் வரும்" என்று அந்தம்மா பொதுவாகச் சொன்ன ஒரு வாக்கியத்தை எடுத்து உன் அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அவரும் வாங்கி வைத்துக்கொண்டார்.

உனக்கு அப்போது மயக்கம், அந்தம்மா விளக்கியதை நீ பாதிதான் கேட்டிருப்பாய். ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று, அதைச் சொல்கிறேன். நம் ரத்தத்தில் முப்பதுக்கு மேற்பட்ட புரதங்கள் ஒரு கூட்டமாக, வேலை வரும் வரை சும்மா மிதந்துகொண்டிருக்கின்றன. பெரும்பாலும் ஈரலில்தான் உருவாகின்றன. நிரப்புப் புரதங்கள் என்று பெயர். எதிர்ப்பொருள் ஒரு கிருமியைப் போய்ப் பிடித்தால், மிச்ச வேலையை இவை நிரப்பி முடித்துக் கொடுக்கும், அதனால் அந்தப் பெயர். எதிர்ப்பொருள் இல்லாமலும் இவை கிருமியின் மேலிருக்கிற சர்க்கரையைக் கண்டு விழித்துக்கொள்ளுமாம். இன்னொரு வழியில் எந்நேரமும் கொஞ்சம் கொஞ்சம் விழித்தபடியே இருக்குமாம். நம் சொந்தச் செல்களின் மேல் காவல் இருப்பதால் நம்மைத் தொடாது.

முதல் புரதம் விழித்தால் நாலாவதை வெட்டும், பிறகு இரண்டாவதை. அந்த இரண்டும் சேர்ந்து மூன்றாவதை வெட்டும். "ஏனுங்க, நம்பர் முன்ன பின்ன இருக்குதே?" என்று கேட்டேன். டீச்சர் புத்தி போகுமா? அந்தம்மா சிரித்துவிட்டு, "கண்டுபிடிச்ச வரிசையில நம்பர் வச்சுட்டாங்கம்மா, வேலை செய்யற வரிசை பிறகுதான் தெரிஞ்சுது" என்றார். மூன்றாவதுதான் அதில் பெரிய ஆள். அதன் ஒரு துண்டு கிருமியின் மேல் ஒட்டுப்புல் போலப் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினதைப் பார்த்து வெள்ளணுக்கள் வந்து விழுங்கும். இன்னொரு சின்னத் துண்டு ஆள் கூட்டப் போகும். அந்த இடத்து ரத்தக்குழாயைக் கொஞ்சம் தளர்த்தி, வருகிறவர்களுக்கு வழி விடும். கடைசியில் ஐந்தாவது முதல் ஒன்பதாவது வரை சேர்ந்து கிருமியின் மேல்தோலில் வளையமாக உட்கார்ந்து ஒரு ஓட்டை போடும். தண்ணீர் புகுந்து கிருமி வெடித்துப்போகும். இதெல்லாம் நடக்க நிமிடக் கணக்குப் போதும் என்றார். நமக்குத் தெரியாமலே தினமும் உள்ளே இப்படி நடந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான்.

பலாக் காலத்தில் குரங்கு இறங்கினால் நம் ஊரில் என்ன செய்வோம்? முதலில் பார்த்தவர் தகரத்தைத் தட்டுவார், அதைக் கேட்டு அடுத்த காட்டுக்காரர், அதைக் கேட்டு அதற்கும் அடுத்தவர். குரங்கு ஓடிவிடும். ஆனால் யாராவது ஒருத்தர் "போதும், போயிருச்சு, நிறுத்துங்க" என்று கத்த வேண்டும். இல்லாவிட்டால் ஆளாளுக்கு ஓடி, நம் மரவள்ளியை நாமே மிதித்துப் போடுவோம். அப்படி முதல் புரதத்தைப் பார்த்து "போதும்" என்று சொல்லும் காவல் புரதம் ஒன்று இருக்கிறது. நம் குடும்பத்து ரத்தத்தில் அதுதான் குறைவு. அதனால் நமக்குள் தகரம் எப்போதும் தட்டிக்கொண்டே இருக்கிறது, நாலாவது புரதம் வீணாகச் செலவாகித் தீர்ந்துகொண்டே இருக்கிறது. அது குறைந்திருப்பதைப் பார்த்துத்தான் உன் நோயையே பிடித்தார்கள். அதே காவல் புரதத்துக்கு இன்னொரு வேலையும் உண்டாம். ரத்தக்குழாயைக் கசிய வைக்கிற வேறொரு சங்கிலியையும் அதுதான் அடக்கி வைக்கிறது. அங்கே அது போதாமல் போகும்போதுதான் நீர் கசிந்து கை, முகம், குடல், தொண்டை என்று வீங்குகிறது. அலர்ஜி வருகிற வழியே வேறு, அதனால்தான் அலர்ஜி ஊசிக்கு இது கேட்பதில்லை.

அந்தச் சீட்டை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் என் புத்தியைத்தான் நினைத்துக்கொள்வேன். அப்புச்சி சொன்ன பொய்யும் காவலுக்காகத்தான் தொடங்கியது. எனக்குக் கல்யாணம் ஆனவுடன் "போதும், நிறுத்து" என்று நானே எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதால் அது மரத்தை வெட்டியது, உன் வயிற்றைக் கீறியது. மாசமாக இருக்கிற பெண்கள் அங்கன்வாடிக்கு வந்தால், "குடும்பத்துல ஏதாவது வியாதி இருக்குதா, மறைக்காமச் சொல்லு புள்ள" என்று கேட்டு எழுதுவது என் வேலை. நல்ல வேலை, நல்ல டீச்சர்!

ஞாயிற்றுக்கிழமை உன் போனை வைத்தவுடன் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் மிளகைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் முதலில் கேட்டது, "அப்ப அந்தச் சேரான் மரம்?"

"அது ஒண்ணும் பண்ணலீங்க."

"பையன் வயித்தக் கீறினப்ப நீயும் அங்கதான நின்னுட்டு இருந்த?"

"ஆமாங்க."

கொஞ்ச நேரம் மிளகைக் கையால் பரப்பிக்கொண்டே இருந்தார். பிறகு, "காப்பிச் செடிக்கு மருந்தடிச்ச சட்டையோட அவனைத் தூக்கித் தூக்கி வச்சிருந்தேன், அதுலதான் இந்த நோவு வந்துருச்சுன்னு ரெண்டு வருசமா நெனச்சுட்டுக் கெடந்தேன் புள்ள. ஆருகிட்டயும் சொல்லல" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம்போல இருந்தது கண்ணு. அவர் அப்படி நினைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு குற்றத்தை மூடி வைத்துக்கொண்டு கஞ்சி குடித்திருக்கிறோம். அவருடையது இல்லாத குற்றம்.

திங்களும் செவ்வாயும் அவர் என்னோடு பேசவில்லை. வைத்ததைச் சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், போனார். உன்னிடம் போனில் "சாப்புட்டியா" என்று மட்டும் கேட்டதெல்லாம் அந்த நாட்களில்தான். புதன்கிழமை காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்று, "அந்த டாக்டரம்மா எழுதிக் குடுத்த சீட்டு எங்க இருக்குது?" என்றார். அலர்ஜி ஊசி இதற்குக் கேட்காது, என்ன மருந்து கொடுக்க வேண்டும், பல்லைப் பிடுங்குவதற்கோ ஆபரேஷனுக்கோ முன்னால் என்ன செய்ய வேண்டும் என்று எந்த ஆஸ்பத்திரியிலும் காட்டுவதற்காக அந்தம்மா எழுதிக் கொடுத்த சீட்டு. எடுத்துக் கொடுத்தேன். "உன் ரிப்போர்ட்டு?" என்றார். அங்கன்வாடியைத் திறந்து அதையும் எடுத்துக் கொடுத்தேன். முதல் பஸ்ஸில் செம்மேட்டுக்குப் போய், மத்தியானம் திரும்பி வந்தார். சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை நகலெடுத்துப் பிளாஸ்டிக் ஒட்டிய மூன்று அட்டைகளை எடுத்துத் திண்ணைத் திண்டின் மேல் வைத்தார். மூன்றிலும் முன்பக்கம் அந்தம்மாவின் எழுத்து, பின்பக்கம் உன் பேரும் என் பேரும்.

"இது எஞ் சட்டைச் சோப்புல இருக்கட்டும். இது உன் பையில. இது அந்தப் புள்ளைக்கு."

"அவங்கிட்ட நான் இன்னும் பேசலீங்க. அவன் குடுக்கலீன்னா?"

"குடுப்பான். எம் பையந்தான அவன்."

அந்த மூன்றாவது அட்டை இந்தக் கவருக்குள் இருக்கிறது. உங்களுக்குப் பிறக்கிற பிள்ளைக்கு இது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்பதையும் அவளிடம் சொல். அதை அறிந்துகொண்டு முடிவு செய்கிற உரிமை அவளுடையது. உன் அப்பாவுக்கு நான் அதைக் கொடுக்கவில்லை. சொன்னால் கல்யாணம் நின்றுபோகுமோ என்று நீ பயப்படுகிறாய். நின்றுபோகலாம், இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். எனக்கும் பயம்தான், அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் உனக்குத் தொண்டை அடைக்கிற ஒரு நாள் வந்தால் பக்கத்தில் இருக்கப் போகிறவள் அவள். டாக்டர் கேட்கும்போது அவளுக்கு என்ன சொல்வது என்று தெரிந்திருக்க வேண்டும். நானாகப் போய் அவளிடம் சொல்ல மாட்டேன், அது உன் வாயிலிருந்துதான் வர வேண்டும். வேண்டுமானால் இந்தக் கடிதத்தையே அவளிடம் கொடுத்துவிடு. மாமியாராக வரப் போகிறவள் எப்படிப்பட்ட பொய்க்காரி என்று அவளும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும்.

பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். தூங்குவதுபோல நடித்தவள் கடைசியில் நிஜமாகவே தூங்கிவிட்டாள், அவளை எழுப்ப வேண்டும். ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். நீ சொன்னதும் தேன்மொழி முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனால், பின்னாலேயே ஓடாதே, போனில் கெஞ்சாதே. இரண்டு நாள் பொறுத்துக்கொள் சாமி. உன் அப்பா பஸ் ஏறியது மூன்றாம் நாள்.

அம்மா